ஏழாவது தூண்

எபநேசர் எழுதிக் கொடுத்த கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. பள்ளிச் சாரண சாரணியர் இருபத்திரண்டு பேரை ஒரு சனிக்கிழமை காலை ரயிலில் மதுரைக்குக் கூட்டிப்போய், திருமலை நாயக்கர் மகாலைக் காட்டி, சாயங்கால ரயிலில் திருப்பிக் கொண்டுவந்து விட அனுமதி வேண்டும் என்று ஏழு வரி. கோவில்பட்டியிலிருந்து மதுரை இரண்டு மணி நேரத் தூரம். துணி எடுக்கவும், பல் பிடுங்கவும், கல்யாணத்தில் கைநனைக்கவும் ஊரில் பாதிப் பேர் போய்வருகிற தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்கக் கரிசல் மண்டலச் சாரணர் பேரவை ஒரு முழுக் கல்வியாண்டை எடுத்துக்கொண்டது. அப்படியும் கடந்தபாடில்லை.

எபநேசர் கழுகுமலை போகிற சாலையில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பழைய சாரண ஆசிரியர் ஓய்வு பெற்றபோது, அவர் விட்டுப்போன காக்கிச் சட்டை யாருக்கு அளவாக இருக்கிறதோ அவரே அடுத்த சாரண ஆசிரியர் என்று தலைமையாசிரியை தெரசம்மாள் தீர்ப்புச் சொன்னார். சட்டை எபநேசருக்குப் பொருந்தியது. ஊக்கு குத்தி வயிற்றை இழுத்துப் பிடித்தபோது முழுமையாகவே பொருந்தியது. முத்திரை குத்திய காகிதம் எதைக் கண்டாலும் எழுந்து நிற்கிற மனிதர் அவர். முடியாது என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை.

ஆனால் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கொடுத்துவிட்டார். சாரணர் நிலைத் தேர்வில் எல்லோரும் தேறினால் மதுரை என்று ஜூன் மாதமே சொல்லிவிட்டார். பிள்ளைகள் ஒன்றுவிடாமல் தேறிவிட்டார்கள். அதிலும் எட்டாம் வகுப்பு இசக்கிசெல்வி உயரம் மதிப்பிடும் தேர்வில் மண்டலத்திலேயே முதலாவது. கையில் ஒரு குச்சியை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் பின்னால் நடந்து, கொடிமரம் இத்தனை அடி, மாதா கோவில் கோபுரம் இத்தனை அடி என்று சொல்லிவிடுவாள். கயத்தாறுப் பக்கம் காற்றாலையைக்கூட விட்டு வைக்கவில்லை. மகால் தூணின் படத்தைச் சமூக அறிவியல் புத்தகத்தில் பார்த்ததில் இருந்து அவளுக்கு வேறு எதையும் அளக்கப் பிடிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் மொத்தம் பத்துப் பேர். ஏப்ரலோடு பள்ளியை விட்டுப் போகிறவர்கள். அதற்குள் கூட்டிப்போகவில்லை என்றால் இந்த ஜென்மத்தில் கூட்டிப்போன மாதிரி ஆகாது என்பது எபநேசருக்குத் தெரியும்.

பேரவையின் அலுவலகம் கோவில்பட்டியில் ஒரு மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேல் மாடி. சுவரில் ஆள் உயரத்துக்கு ‘தயாராக இரு’ என்று எழுதியிருக்கும். கடிதத்தைப் பரிசீலிக்கிற கூட்டம் கொடியேற்றத்தோடு தொடங்கியது. மடித்த கொடிக்குள் பூ வைத்துக் கட்டியிருந்தார்கள். மண்டல ஆணையர் மாயகிருஷ்ணன் கயிற்றை இழுத்தார். பூ விழவில்லை. செயலாளர் செலஸ்டின் இழுத்தார். முடிச்சு இறுகியது. சுவர் நிறைய முப்பத்தாறு வகை முடிச்சுகளின் படம் மாட்டியிருந்த அந்த மாடியில், முடிச்சுப் பயிற்சியில் பதக்கம் வாங்கிய பதினொரு பேர் முக்கால் மணி நேரம் அந்த ஒரு முடிச்சோடு போராடினார்கள். கடைசியில் கீழே இருந்து மிக்ஸி ரிப்பேர்காரர் வந்து பிளேடால் அறுத்துவிட்டுப் போனார். பூ விழுந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு சாரண முறைப்படி இடது கையால் எல்லோரும் எல்லோருக்கும் கைகொடுத்தார்கள். அதற்கே மதியம் ஆகிவிட்டது.

மாயகிருஷ்ணன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“எபநேசர் சார், உங்களுக்கு என்ன இம்புட்டு அவசரம்? மதுரை எங்க போயிரப் போவுது? ரெண்டாயிரம் வருசமா அங்கனதான கெடக்கு? போறதுக்கு யாரு வேணாலும் போவான். டிக்கெட் எடுத்தவன் எல்லாம் போறான். தயாராவுதான் பாருங்க, அவன்தான் சாரணன். நான் முப்பத்தஞ்சு வருசமா தயாராத்தான் இருக்கேன். ஒரு எடத்துக்கு அவசரப்பட்டுப் போயிருப்பேனா?”

“இல்லிங்க அண்ணாச்சி” என்றார் செலஸ்டின் பெருமையாக.

எபநேசருக்குப் பதினான்கு படிவங்கள் கொடுத்தார்கள். ஐந்தாவது படிவம் மதுரையில் நேரக்கூடிய ஆபத்துகள். யானை, கூட்டம், ஜிகர்தண்டாவால் வரும் சளி, வைகையில் வெள்ளம் என்று நாலு கட்டம் போட்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை என்று எபநேசர் எழுதியதற்கு, இல்லாத தண்ணீருக்குச் சான்று எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதையும் எங்கேயோ வாங்கிக் கொடுத்தார்.

ஒன்பதாவது படிவம்தான் ஆளை அடித்துப் போட்டது. பயண நாளில் பெற்றோர் இருக்கும் இடம், கதவு எண்ணோடு. இசக்கிசெல்வியின் அம்மா பாலம்மாள் ஆடு மேய்க்கிறவர். அறுவடை முடிந்த காடுகளில் கிடை போட்டு, இன்றைக்கு ஒருவர் நிலம், நாளைக்கு இன்னொருவர் நிலம் என்று நூற்றிருபது ஆட்டோடு நகர்ந்துகொண்டே இருப்பார். எபநேசர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கரிசலில் இரண்டு மைல் நடந்து அவரைப் பிடித்தார்.

“அன்னைக்கு நீங்க எங்க இருப்பீங்கன்னு எழுதணும்மா.”

“என்னைக்கி?”

“என்னைக்கு போவோமோ அன்னைக்கு.”

பாலம்மாள் ஆடுகளைப் பார்த்தார். “புல்லு எங்க கெடக்கோ அங்கன இருப்பேன்னு எழுதிக்கிடுங்க சார்.”

எபநேசர் அப்படியே எழுதினார். ஒரு வாரத்தில் படிவம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், ‘புல் உள்ள இடத்தின் கதவு எண் குறிப்பிடப்படவில்லை’ என்று செலஸ்டின் எழுதியிருந்தார். எபநேசர் மூன்று நாள் யோசித்து ‘1’ என்று போட்டார். அது ஏற்கப்பட்டது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்து முன்னோடிக் குழு. பிள்ளைகள் போவதற்கு முன் பெரியவர்கள் போய் வழியைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. மாயகிருஷ்ணனும் செலஸ்டினும் குடும்பத்தோடு போனார்கள். குழந்தைகளோடு போனால்தானே குழந்தைகளின் கஷ்டம் தெரியும்? அறிக்கை முப்பத்தெட்டுப் பக்கம். அதில் மகாலைப் பற்றி ஒரே வரிதான், ‘தூண்கள் பெரியவை, கவனம் தேவை.’ சாப்பாட்டைப் பற்றி ஆறு பக்கம். முதல் குழு ஐப்பசி மழையில் போனதால் வெயில் நிலவரம் தெரியவில்லை என்று மார்கழியில் இரண்டாவது குழு போனது. மார்கழியில் வெயில் எங்கே இருக்கும் என்று தை மாதம் மூன்றாவது குழு. மூன்று முறையும் அதே இரண்டு பேரும் அவர்களுடைய குடும்பமும்தான். பிள்ளைகள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எபநேசரைப் பார்ப்பார்கள். அவர் கரும்பலகையைப் பார்ப்பார்.

மாசி மாதம் உத்தரவு வந்தது. அனுமதி என்று நினைத்து எபநேசர் நின்றுகொண்டே பிரித்தார். ‘உண்மைப் பயணத்துக்கு எல்லா வகையிலும் நிகரான ஒத்திகைப் பயணம் ஒன்றைப் பள்ளி மைதானத்தில் நடத்திக் காட்டுக.’

நடத்தினார்கள். மழை நின்று வெகுநாளாகி, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உள்ளதிலேயே பெரிய வெடிப்பு வைகை என்று தீர்மானமானது. தார்ப்பாய் போர்த்திய தண்ணீர்த் தொட்டி யானை. ஒரு சார்ட் பேப்பரில் ‘மதுரை சந்திப்பு’ என்று எழுதிக் கம்பில் கட்டினார்கள். மகாலுக்குத் தூண் வேண்டுமே? உயரமான பிள்ளைகளை நிறுத்துங்கள் என்றார் செலஸ்டின். பள்ளியிலேயே உயரமானவர்கள் எட்டாம் வகுப்பு. எந்தப் பத்துப் பேருக்கு இது கடைசி வருஷமோ அந்தப் பத்துப் பேரும் தூணானார்கள். இசக்கிசெல்வி ஏழாவது தூண்.

“மகால்ல இருநூத்தி நாப்பத்தெட்டு தூணு” என்று செலஸ்டின் குறித்துக்கொண்டார். “பத்து நிக்கி. மிச்சம் நிலுவைன்னு போட்டுக்கிடுதேன்.”

மற்ற பன்னிரண்டு பேரும் தோளில் கைபோட்டு ரயில் ஆனார்கள். ஏழாம் வகுப்பு ரிஜோ இன்ஜின். நிகரான பயணம் என்பதால் ரயில் மைதானத்தைச் சுற்றி இரண்டு மணி நேரம் ஓடியது. சாத்தூரில் நின்று வெள்ளரிக்காய் வாங்கினார்கள். விருதுநகரில் ஆணையருக்கு டீ வந்தது. திருமங்கலத்தில் கிராசிங் என்று கால் மணி நேரம் வெயிலில் நிறுத்தினார்கள். இவ்வளவு நேரமும் தூண்கள் அசையாமல் நின்றன. ஏழாவது தூணின் மூக்கில் ஈ உட்கார்ந்தது. தூண் அதைக் கையால் விரட்டப் போனது.

“ஏட்டி, தூணு அசையக் கூடாது!” என்று அதட்டினார் செலஸ்டின்.

ரயில் மதுரைக்குள் நுழைந்த நேரம் பார்த்துப் பாலம்மாளின் ஆடுகள் மைதானம் வழியாக வந்தன. அவற்றுக்கு ஒன்பதாவது படிவம் தெரியாது. வைகையைத் தாண்டி, யானையைச் சுற்றி, நேராகப் போய் ‘மதுரை சந்திப்பு’ பேப்பரைத் தின்றுவிட்டன. பாலம்மாள் கம்போடு ஓடி வந்து, மகள் வெயிலில் விறைத்து நிற்பதைப் பார்த்தார்.

“என்னத்துக்கு சார் எம்பிள்ளைய வெயில்ல நிறுத்தி வச்சிருக்கீங்க? என்ன தப்புப் பண்ணுச்சு?”

“தப்பு ஒண்ணும் இல்லம்மா. அது தூணு” என்றார் எபநேசர். சொன்ன பிறகு அவருக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஸ்டேஷன் இல்லாமல் எப்படித் திரும்புவது? ஆணையர் கண்ணை மூடி ஐந்து நிமிடம் சிந்தித்தார். ரயில் நிலையம் காணாமல் போனதால் பேருந்தில் திரும்பலாம் என்று உத்தரவிட்டார். பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து திரும்பினார்கள். பிறகு ஆணையர் பேசினார்.

“அன்பான சாரணர்களே, ஆடு ஸ்டேஷனத் தின்னா வேற எவனா இருந்தாலும் பதறிருப்பான். நாம பதறல. ஏன்? நாம தயாரா இருந்தோம். கூட்ட நெரிசல் வந்துச்சு, அதுவும் ஆட்டு நெரிசல், சமாளிச்சோம். இன்னைக்கு நீங்க மதுரைக்குப் போயி, ஒரு கீறல் இல்லாம திரும்பிருக்கீங்க. நெசமாவே போயிருந்தா இந்த அளவுக்குப் பத்திரமாத் திரும்பிருப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாது. மதுரையில ஒரே குறை என்னன்னு கேட்டீங்கன்னா, அது மதுரையில இருக்கு. அந்தக் குறைய நாம இன்னைக்கு நிவர்த்தி பண்ணிட்டோம்.”

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆனது. எபநேசரும் தட்டினார். தேதி கிடைத்துவிடும் என்ற சந்தோஷத்தில் தட்டினார்.

பங்குனியில் ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே பளபளவென்று பன்னிரண்டு சான்றிதழ்கள். ‘மதுரை வரலாற்றுப் பயணம் வெற்றிகரமாக நிறைவு.’ எபநேசருக்குத் தனியாகச் சிறந்த பயணத் தலைவர் சான்றிதழ். அவர் அடுத்த பஸ்ஸிலேயே கோவில்பட்டி மாடிக்கு ஓடினார்.

“அண்ணாச்சி, பயணத்துக்குத் தேதி...”

“எந்தப் பயணம்?”

“மதுரை.”

“அதான் போயிட்டு வந்தாச்சே!” மாயகிருஷ்ணன் உண்மையிலேயே திகைத்தார். “கோப்பை முடிச்சி மேல அனுப்பியாச்சு சார். மண்டலத்துலயே நூறு சதவீதம் பாதுகாப்பான பயணம் உங்களுதுதான். ஒரே ஊருக்கு ஒரே வருசத்துல ரெண்டு மட்டம் போவ விதி இல்லியே?”

“சரிங்க. மிச்சம் பத்துப் பிள்ளைங்களுக்குச் சான்றிதழ்?”

செலஸ்டின் கோப்பின் நகலைப் புரட்டிக் காட்டினார். ‘பயணிகள் 12’ என்று ஒரு பக்கம். ‘பொருட்கள்’ என்று இன்னொரு பக்கம். கயிறு மூன்று, சுண்ணாம்பு ஒரு வாளி, தார்ப்பாய் ஒன்று, தூண் பத்து.

“பொருளுக்குச் சான்றிதழ் குடுத்தா தணிக்கையில மாட்டிக்கிடுவோம் சார்” என்றார் செலஸ்டின் அனுதாபத்தோடு.

மறுநாள் சாரணர் வகுப்பில் எபநேசர் எல்லாவற்றையும் சொன்னார். பன்னிரண்டு பேர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இசக்கிசெல்வி எழுந்தாள்.

“அப்ப நான் மதுரைக்குப் போகலியா சார்?”

“நீ எப்பிடிட்டி போவ?” என்றான் ரிஜோ. “நீதான் மதுரை.”

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு உட்கார்ந்து, பென்சிலைக் கையில் நீட்டிப் பிடித்து ஜன்னல் கம்பியை அளந்தாள். தலையைத் திருப்பவே இல்லை. ஒரு வருஷமாக எல்லாக் காகிதத்துக்கும் எழுந்து நின்றோமே, இந்தப் பிள்ளைகளுக்காக ஒரு தடவை எழுந்து நின்றோமா என்று நினைத்தபோது எபநேசரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாயங்காலம் பாலம்மாள் மகளைக் கூட்டிப்போகப் பள்ளி வாசலுக்கு வந்தார். விஷயத்தை நின்று கேட்டார்.

“ஏன் சார், போயிட்டு வந்தாச்சுன்னு அவிய எழுதிட்டாவள்லா?”

“ஆமாம்மா.”

“பத்திரமாத் திரும்பியாச்சுன்னும் எழுதிட்டாவளா?”

“கையெழுத்துப் போட்டே குடுத்துட்டாங்க.”

“பொறவு என்ன சார் பயம்? இனி போனா தொலைஞ்சா போவோம்? அந்த உடுப்ப வீட்டுல கழட்டி வச்சிட்டு, எல்லாரும் போற மாதிரி ரயிலேறிப் போவோம். ஒரு நாளைக்கு ஆட்ட எந்தம்பி பாத்துக்கிடுவான்.”

எபநேசர் வாயைத் திறந்தார். விதி என்று ஏதோ சொல்ல வந்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு படிவமும் கேட்காமல், “சரிம்மா” என்றார். தெரசம்மாளிடம் சொன்னபோது அவர், “நான் எதையும் கேக்கல. எனக்கும் ஒரு டிக்கெட் எடுங்க” என்றார்.

ஏப்ரலில், பரீட்சை முடிந்த மறு சனிக்கிழமை, இருபத்திரண்டு பிள்ளைகளும் ஏழெட்டுத் தாய்மாரும் இரண்டு ஆசிரியர்களும் காலை ரயிலில் ஏறினார்கள். சாத்தூரில் நிஜ வெள்ளரிக்காய் வந்தது. மதுரையில் ஸ்டேஷன் இருந்தது. ரிஜோ அதைத் தொட்டுப் பார்த்தான்.

மகாலுக்குள் நுழைந்தார்கள். அந்த முற்றத்து நடுவில், முழுச் சீருடையும் கழுத்துத் துணியும் விசிலுமாக இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பின்னால் மனைவி, மகள், பேரப்பிள்ளைகள். மாயகிருஷ்ணன். செலஸ்டின். அடுத்த ஆண்டுப் பயணத்துக்கான முதல் முன்னோடிக் குழு. பழக்கதோஷத்தில் இருபத்திரண்டு பிள்ளைகளும் சட்டென்று மூன்று விரலால் சல்யூட் அடித்தார்கள். எபநேசரின் கையும் தானாக உயர்ந்தது.

செலஸ்டின் தோள்பையிலிருந்து கோப்பின் நகலை உருவிப் பார்த்தார். ஆணையரின் காதருகே குனிந்தாலும் அவர் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது.

“அண்ணாச்சி, இவிய திரும்பிட்டாவன்னு நாம கையெழுத்துப் போட்டிருக்கோம்.”

மாயகிருஷ்ணன் நகலை வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தார். “அப்ப இவிய இங்கன இல்ல” என்றார். நிம்மதியாக நடந்து வந்து எபநேசருக்கு இடது கையை நீட்டினார். “வணக்கம். நமக்கு எந்த ஊரு?”

“கோவில்பட்டிப் பக்கங்க.”

“அப்பிடியா! நானும் அந்தப் பக்கந்தான்” என்று சொல்லிவிட்டுப் பேரனுக்கு ஐஸ் வாங்கப் போனார்.

இசக்கிசெல்வி இதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் குச்சியை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பின்னால் பின்னால் போய் மறுகோடிச் சுவரில் முட்டிக்கொண்டாள். மறுபடி ஓடிவந்து ஒரு தூணைக் கட்டிப்பிடித்தாள். கை பாதிக்குப் பாதிகூடச் சுற்றவில்லை. இன்னொருத்தி வந்தாள், இன்னொருவன் வந்தான், பிறகு ரிஜோவும் வந்தான். நாலு பேர் கைகோத்தும் கொஞ்சம் இடைவெளி இருந்தது. பாலம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து அந்த இடைவெளியில் நின்றார். வட்டம் மூடியது. இசக்கிசெல்வி கன்னத்தைத் தூணில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

“யம்மா! நான் இம்புட்டு தண்டியாவா நின்னேன்?”

எபநேசர் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் தள்ளி நின்ற செலஸ்டினும் இதைப் பார்த்தார். அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

என்ன குறித்தார் என்பது ஜூன் மாதச் சுற்றறிக்கையில் தெரிந்தது. ‘மகாலின் ஒரு தூணைச் சுற்ற ஐவர் தேவை என நேரடி ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது. சென்ற ஆண்டு ஒத்திகையில் தூண் ஒன்றுக்கு ஒருவர் மட்டுமே நின்றது பெருங்குறை. இனி தூண் ஒன்றுக்கு ஐவர் வீதம், இருநூற்று நாற்பத்தெட்டுத் தூண்களுக்கு ஆயிரத்து இருநூற்று நாற்பது சாரணர் நிற்க வேண்டும். மண்டலத்தில் உள்ள சாரணர் தொள்ளாயிரத்து ஆறு. குறையும் முந்நூற்று முப்பத்து நான்கு பேர் சேரும் வரை பயணங்கள் அனைத்தும் ஒத்திவைக்கப்படுகின்றன. தயாராக இருக்கவும்.’

எபநேசர் உட்கார்ந்தபடியே படித்தார். ‘படித்தேன்’ என்று கையெழுத்துப் போட்டு மடித்து வைத்தார். இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் ரிஜோ வாசலில் வந்து நின்றான். அவன் பின்னால் இன்னும் பதினோரு தலைகள்.

“சார், இந்த வருசம் எங்க போறோம்?”

“தஞ்சாவூரு” என்றார் எபநேசர். “உடுப்பத் தொவைச்சு வீட்டுல மடிச்சி வச்சிட்டு வாங்கலே.”